மண்புழு உரத் தொட்டி: வாங்குவதா, நாமே செய்வதா?

வீட்டுத் தோட்டம் பகுதிக்கு அண்மையில் வந்த கடிதங்களில் மண்புழு உரத் தொட்டியைப் பற்றியவையே மிகுதியாக இருந்தன. ஆகவே இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் விடையளிக்கிறேன்.

கேள்வி: நாங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் வசிக்கிறோம். வீட்டில் நான்கு பேர். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அடியில் குழாய் வைத்த மண்புழு உரத் தொட்டி ஒன்றை இணையக் கடையில் பார்த்தேன். விலை சில ஆயிரம் ரூபாய். பழைய பெயிண்ட் வாளியில் ஓட்டை போட்டாலே போதும் என்கிறார் என் கணவர். எது சரி?
– வாசகி, வேளச்சேரி, சென்னை

பதில்: விலையை ஒப்பிடுவதற்கு முன்னால் பரப்பளவை ஒப்பிட வேண்டும். உரம் தயாரிக்கப் பயன்படும் புழுக்கள் மண்ணை ஆழமாகத் துளைத்து வாழ்பவை அல்ல. மக்கிக்கொண்டிருக்கும் பொருளின் மேற்பகுதியில், முக்கால் அடிக்கு உட்பட்ட ஆழத்திலேயே இருந்து உண்பவை. அதனால் ஒரு தொட்டி எத்தனை லிட்டர் கொள்ளும் என்பதைவிட, அதன் மேற்பரப்பு எத்தனை சதுர அடி என்பதே அது எவ்வளவு கழிவைத் தாங்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. வாரத்தில் சேரும் ஒவ்வோர் அரைக் கிலோ கழிவுக்கும் ஒரு சதுர அடி என்பது இத்துறையில் நெடுநாளாக வழங்கிவரும் தோராயக் கணக்கு.

நால்வர் உள்ள வீட்டில் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ சமையலறைக் கழிவு சேருவதாக வைத்துக்கொள்வோம். எண்ணெயும் உப்பும் பட்ட மிச்ச உணவு, மீன், இறைச்சி, எலுமிச்சைத் தோல், பச்சை மிளகாய், வெங்காயம், பூண்டுத் தோல் ஆகியவற்றை ஒதுக்கிவிட்டால், புழுக்களுக்குக் கொடுக்கத்தக்கது நாளுக்கு அரைக் கிலோ அளவில் நிற்கும். அப்படியானால் வாரத்துக்கு மூன்றரைக் கிலோ. தேவைப்படும் பரப்பு 7 சதுர அடி.

இப்போது இரண்டையும் அளந்து பாருங்கள். 20 லிட்டர் பெயிண்ட் வாளியின் வாய் ஏறத்தாழ 30 செ.மீ. விட்டமுள்ளது, அதன் பரப்பு முக்கால் சதுர அடிதான். நாளொன்றுக்கு ஒரு கைப்பிடிக் கழிவுக்கு மேல் அதில் போட இயலாது. மீறிப் போட்டால், வாளி ஆழமாக இருப்பதால் அடிப்பகுதிக்குக் காற்று எட்டாமல் அழுகி நாறும். விற்பனைக்கு வரும் தொட்டியின் தட்டு, பக்கத்துக்கு 40 செ.மீ. என்று கொண்டால், ஒரு தட்டுக்கு ஒன்றே முக்கால் சதுர அடிக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். அத்தகைய தட்டுகள் நான்கு இருந்தால், எல்லாவற்றையும் கூட்டும்போது கணக்குப்படி 7 சதுர அடியை நெருங்குகிறது. ஆனால் புதிய கழிவு விழுவது மேல் தட்டில் மட்டுமே. கீழ்த் தட்டுகளில் இருப்பவை பாதியும் முழுதுமாக மக்கிய பொருள்கள். எனவே நான்கு பேர் குடும்பத்துக்கு ஏற்றது என்று விளம்பரத்தில் போட்டிருந்தாலும், உங்கள் வீட்டுக் கழிவு முழுவதையும் அது வாங்கிக்கொள்ளும் என்று நம்பிவிடாதீர்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, மிகுந்த பழக்கத்துக்குப் பின் பாதி என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம் இருக்காது.

என் பரிந்துரை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. காய்கறி மண்டிகளில் தக்காளி ஏற்றிவரும் பிளாஸ்டிக் கிரேட் ஒன்றின் பரப்பு ஏறத்தாழ இரண்டு முதல் இரண்டரைச் சதுர அடி. ஆழமும் ஓரடிதான். நாலாபுறமும் சந்துகள் இருப்பதால் காற்றோட்டத்துக்காகத் தனியே துளைபோட வேண்டியதில்லை. பச்சை நிழல்வலையை உட்புறம் இரண்டாக மடித்து விரித்துவிட்டால் அதுவே தொட்டி. பழைய கிரேட் இரண்டை வாங்கி, அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டை வைத்து, மூன்று மாதம் நடத்திப் பாருங்கள். மண்புழு வளர்ப்பு கைக்கு ஒத்துவருகிறதா, பால்கனியில் வெயில் எந்த நேரத்தில் எங்கே விழுகிறது, வீட்டில் யார் நாள்தோறும் கவனிக்கப் போகிறார்கள் என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். அதன் பிறகும் தட்டுத் தொட்டி வேண்டும் என்று தோன்றினால் தாராளமாக வாங்கலாம். கசிவு நீர் கீழ்வீட்டுப் பால்கனியில் சொட்டாமல் தேங்குவதும், உரம் எடுக்கும்போது எல்லாவற்றையும் கொட்டிக் கவிழ்க்காமல் கீழ்த் தட்டை மட்டும் உருவ முடிவதும் அடுக்குமாடி வாழ்க்கையில் சிறிய வசதிகள் அல்ல.

வாங்குவதானால் ஒன்றைக் கட்டாயம் சரிபாருங்கள். உரத் தொட்டி என்ற பெயரில் இணையத்தில் மூன்று வேறு வகைப் பொருள்கள் விற்கப்படுகின்றன. சுடுமண் பானைகளை அடுக்கிய தொட்டி, நுண்ணுயிர்களைக் கொண்டு சூடேறி மக்கும் முறைக்கானது. அந்தச் சூட்டில் புழு தங்காது. இறுக மூடும் பொகாஷி வாளி, காற்றில்லாமல் கழிவைப் புளிக்கவைக்கும் முறைக்கானது. அதில் புழுவை விட்டால் இறந்துபோகும். மூன்றாவதுதான் நீங்கள் தேடுவது. தட்டின் அடியில் புழு ஏறிச்செல்லும் அளவுக்குத் துளைகளும், மூடியில் காற்றுவழியும் இருக்கின்றனவா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

கேள்வி: சொந்த வீடு, கொல்லைப்புறத்தில் வேப்பமர நிழல் இருக்கிறது. மண்புழுத் தொட்டியை நானே அமைக்க விரும்புகிறேன். கிணற்றுக்கு இறக்கும் வட்டமான சிமெண்ட் உறை ஒன்றும் சும்மா கிடக்கிறது. எப்படித் தொடங்குவது?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: நிழலும் இடமும் இருக்கும் உங்களைப் போன்றவர்கள் கடையில் தொட்டி வாங்குவதற்கு எந்தக் காரணமும் இல்லை. மூன்றடி விட்டமுள்ள உறையாக இருந்தால் அதன் பரப்பு ஒன்றே 7 சதுர அடிக்கு வந்துவிடுகிறது. நான் மேலே சொன்ன கணக்குப்படி நான்கு பேர் வீட்டுக்கு அது போதும்.

உறை புதியதாக இருந்தால் அதிலிருக்கும் சுண்ணாம்புக் காரம் புழுக்களை வாட்டும். ஒரு வாரமாவது நீரூற்றி வைத்து, நீரை இரண்டு மூன்று முறை மாற்றிக் கழுவிவிட்டுப் பயன்படுத்துங்கள். தரையைச் சற்றுச் சரிவாகக் கெட்டிப்படுத்தி, அதன்மேல் உறையை வைத்து, அடியில் செங்கல் துண்டுகளையும் மணலையும் ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பினால் மிகை நீர் வடிந்துவிடும். பெருச்சாளியும் மூஞ்சூறும் நடமாடும் கொல்லையாக இருந்தால், செங்கல் துண்டுகளுக்கு அடியில் நெருக்கமான கம்பிவலையை விரித்துவிடுங்கள். இதைப் பின்னால் சேர்க்க முடியாது என்பதால்தான் முன்கூட்டியே சொல்கிறேன்.

அதற்கு மேல் வருவதுதான் படுக்கை. தொட்டியின் வெற்றி தோல்வி பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. தேங்காய் நார்க்கழிவு, காய்ந்த இலைச்சருகு, கிழித்த அட்டைப்பெட்டி ஆகியவற்றைக் கலந்து அரையடி உயரத்துக்கு நிரப்ப வேண்டும். நார்க்கழிவை மில்லிலிருந்து நேராக எடுத்துவந்து கொட்டக் கூடாது. அதில் இயல்பாகவே உப்பு மிகுந்திருக்கும். நீரில் ஊறவைத்துப் பிழிவதை இரண்டு மூன்று முறை செய்தால் உப்பு இறங்கும். அதனுடன் இரண்டு மூன்று வாரம் ஆறிய மாட்டுச்சாணத்தைக் கலந்துகொள்ளுங்கள். புதுச்சாணம் மக்கும்போது சூடேறுவதால் புழுக்கள் ஓரமாக ஓடி, தொட்டியைவிட்டே வெளியேறப் பார்க்கும்.

ஈரப்பதத்துக்குக் கருவி எதுவும் வேண்டாம். படுக்கையை ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழியுங்கள்: விரலிடுக்கில் ஒன்றிரண்டு துளி கசிந்தால் சரியான ஈரம், நீர் ஒழுகினால் மிகை, கையைத் திறந்ததும் உதிர்ந்தால் குறைவு. மேலே ஈரச் சாக்கு ஒன்றைப் போர்த்தி, ஒரு வாரம் அப்படியே விட்டு, சூடு இல்லை என்று கைவைத்து உறுதி செய்துகொண்ட பிறகே புழுக்களை விடுங்கள்.

அரைக் கிலோ புழுவுடன் தொடங்கலாம். நல்ல நிலையில் இருக்கும் புழு, நாளொன்றுக்குத் தன் எடையில் ஏறத்தாழ பாதி உண்ணும் என்பார்கள். ஆனால் புதிய இடத்துக்கு வந்த புழு முதல் சில நாள் உண்பதே இல்லை. முதல் இரண்டு வாரம் இரு கைப்பிடிக்கு மேல் கழிவு போடாதீர்கள். போடுவதையும் பரவலாகத் தூவாமல், ஒரு மூலையில் படுக்கையை விலக்கிப் புதைத்து மூடுங்கள். அந்த மூலை காலியானதும் அடுத்த மூலைக்குச் செல்லுங்கள். கழிவு வெளியே தெரியாமல் மூடினாலே பழ ஈ மொய்ப்பது பெருமளவு குறைந்துவிடும்.

ஒரு மாதம் கழித்துப் படுக்கையைக் கிளறிப் பார்க்கும்போது, கடுகைவிடப் பெரிதாக, இரு முனையும் கூம்பிய மஞ்சளும் பழுப்புமான மணிகள் தென்படும். அவை புழுவின் முட்டைக்கூடுகள். அவற்றைக் கண்டுவிட்டீர்களானால் உங்கள் தொட்டி சரியாக அமைந்துவிட்டது என்று பொருள். அதுவரை கழிவின் அளவைக் கூட்டாமல் பொறுத்திருங்கள்.

கேள்வி: குழாய் வைத்த தட்டுத் தொட்டி வாங்கி இரண்டு மாதமாகிறது. குழாயைத் திறந்தால் கறுப்பாக, வாடையுடன் நீர் வருகிறது. இதுதான் மண்புழுக் குளியல் நீர் என்று விற்றவர் சொன்னார். கீரைப் பாத்தியில் தெளித்தேன், இலைகள் கருகிவிட்டன. ஏன்?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: விற்றவர் சொன்னது தவறு. வெர்மிவாஷ் எனப்படும் மண்புழுக் குளியல் நீர், நன்கு மக்கிய உரமும் உயிருள்ள புழுக்களும் நிறைந்த கலத்தின்வழி நல்ல நீரைச் சொட்டுச் சொட்டாக இறக்கிச் சேகரிப்பது. தேன் நிறத்தில் இருக்கும். கெட்ட வாடை இருக்காது. அதையே பத்து மடங்கு நீர் கலந்துதான் இலைமேல் தெளிக்கிறார்கள். உங்கள் குழாயில் வருவது பாதி மக்கிய கழிவிலிருந்து வடிந்த சாறு. உப்பும் செரிக்காத கரிமப் பொருளும் அதில் மிகுதி. இலை கருகியதற்கு அது நீர்க்கப்படாமல் விழுந்ததே காரணமாக இருக்கலாம். நோய்க்கிருமிகளும் இருக்கக்கூடும் என்பதால், சமைத்தோ பச்சையாகவோ உண்ணும் கீரைகளின்மேல் எந்நாளும் தெளிக்காதீர்கள். தெளித்த பாத்தியில் இருப்பதைப் பிடுங்கிவிட்டு நன்றாக நீர் பாய்ச்சுங்கள்.

குழாயைப் பற்றி என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். தட்டுத் தொட்டிகளை விற்பவர்கள் குழாயைப் பெரிய வசதியாகக் காட்டுகிறார்கள். உண்மையில் ஒழுங்காக நடக்கும் தொட்டியில் அந்தக் குழாய்க்கு வேலையே இருக்காது. நாள்தோறும் நீர் வடிகிறதென்றால் உள்ளே ஈரம் மிகுந்துவிட்டது என்பதே செய்தி. தர்பூசணித் தோல், பூசணிக் குடல், சுரைக்காய், கழுவிய கீரைத் தண்டு என்று நீர்ச்சத்து மிகுந்தவையே நம் சமையலறையில் அதிகம் சேருகின்றன. அவற்றை இரவெல்லாம் வடிதட்டில் வைத்துவிட்டு மறுநாள் போடுங்கள். ஒரு பங்கு கழிவுக்கு அதே பருமன் அளவு காய்ந்த சருகோ அட்டைத் துண்டோ சேருங்கள். கழிவிலுள்ள தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) ஈடாகக் கரிச்சத்தும் (கார்பன்) கிடைக்கும், இடையில் காற்றும் ஓடும். குழாயை மூடாமல் திறந்தே வைத்து அடியில் ஒரு கிண்ணம் வைத்துவிடுவது இன்னும் நல்லது. நீர் தேங்கி நின்றால் கீழே இறங்கும் புழுக்கள் அதில் மூழ்கி இறக்கும்.

கேள்வி: மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மைத் துளையிட்டு மொட்டை மாடியில் வைத்திருந்தேன். ஏப்ரல் வரை நன்றாக இருந்தது. அக்னி நட்சத்திரத்தில் ஒரே நாளில் புழுக்கள் எல்லாம் இறந்துவிட்டன. கடைத் தொட்டி வாங்கியிருந்தால் பிழைத்திருக்குமா?
– வாசகர், வேலூர்

பதில்: பிழைத்திருக்காது. கடையில் கிடைப்பவையும் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். பலவற்றின் வடிவமைப்பு, கோடையைவிடக் குளிரையே அஞ்ச வேண்டிய நாடுகளிலிருந்து வந்தது. உரப் புழுக்கள் 20 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை நன்றாக இயங்கும். தொட்டிக்குள் 35 டிகிரியைத் தாண்டினால் தாங்காது. வேலூரில் மே மாதம் நிழலிலேயே 40 டிகிரியைக் கடக்கும்போது, மொட்டை மாடித் தளத்தின்மேல் வெயிலில் நிற்கும் மூடிய டிரம்மின் உட்புறம் எவ்வளவு கொதித்திருக்கும் என்று எண்ணிப்பாருங்கள்.

உங்கள் ஊருக்குத் தொட்டியை நீங்களே அமைத்துக்கொள்வதுதான் சரி. அதற்குச் சிறந்த பொருள் சுடுமண். மெருகு பூசாத, அகன்ற வாயுள்ள மண்தொட்டியின் சுவரில் ஊறிவரும் ஈரம் ஆவியாகும்போது உள்ளிருக்கும் சூட்டையும் எடுத்துச் சென்றுவிடுகிறது. மண்பானையில் நீர் குளிர்வதும் இதனால்தான். பிளாஸ்டிக் சுவர் இதைச் செய்யாது. மண்தொட்டியைத் தரைத்தளத்தில், கிழக்குப் பார்த்த சுவர் நிழலில் வைத்து, சுற்றிலும் ஈரச் சாக்கைக் கட்டி, காலையும் மாலையும் நனையுங்கள். தொட்டியின் கால்களை நீருள்ள கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்பும் ஏறாது. கால் இல்லாத தொட்டியை, நீர் நிரப்பிய அகலமான தட்டின் நடுவே நான்கு செங்கல் வைத்து அதன்மேல் ஏற்றலாம்.

இன்னொன்று. கோடையில் வெளிச்சூடு மட்டுமே கொல்வதில்லை. ஒரே நேரத்தில் கொட்டிய பச்சைக் கழிவு மக்கும்போது எழுப்பும் சூடும் சேர்ந்துகொள்கிறது. சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் கழிவை வேறொரு வாளியில் சருகுடன் பத்துப் பதினைந்து நாள் போட்டுவைத்து, சூடு தணிந்த பிறகு சிறிது சிறிதாகப் புழுக்களுக்குக் கொடுங்கள். மாம்பழக் காலத்தில் தோலும் கொட்டையும் குவியும்போது இந்த வாளி பெரிதும் உதவும்.

கேள்வி: தொட்டியைச் செய்துவிட்டேன். புழுவையும் விலைகொடுத்து வாங்க வேண்டுமா? தோட்டத்தில் தோண்டினாலே மண்புழு கிடைக்கிறதே.
– வாசகர், மதுரை

பதில்: தோட்ட மண்ணைத் தோண்டும்போது கிடைப்பவை பெரும்பாலும் மண்ணுக்குள் வளை அமைத்து, மண்ணையே உண்டு வாழும் வகையைச் சேர்ந்தவை. தமிழகத்து வயல்களில் பரவலாகக் காணப்படும் லாம்பிட்டோ மாரிட்டி இனம் மண்ணுக்குள் வளை தோண்டி வாழ்வது. சமையலறைக் கழிவு மட்டும் நிறைந்த ஆழமில்லாத தொட்டியில் அதற்கு வாழ்வில்லை. அவற்றைத் தோட்டத்திலேயே விட்டுவிடுங்கள். அங்கே அவை செய்யும் வேலையை நம் தொட்டிப் புழு செய்யாது.

தொட்டிக்கு வேண்டியவை மேற்பரப்பில் வாழ்ந்து மட்கையே உண்ணும் புழுக்கள். விற்பனையில் கிடைப்பவை யூட்ரிலஸ் யூஜினியே என்ற ஆப்பிரிக்கப் புழுவும், ஐசீனியா ஃபெடிடா என்ற சிவப்புப் புழுவும். இரண்டாவது குளிர்ந்த இடங்களை விரும்புவது. மதுரை வெக்கைக்கு முதலாவது சற்றுத் தேவலாம். ஆனால் காசு கொடுக்காமல் கிடைக்கக்கூடிய, நம் பகுதிக்கே உரிய புழு ஒன்று உண்டு: பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ். மாட்டுத் தொழுவத்து எருக்குழியின் ஓரத்தில், ஈரமான பழஞ்சாணத்தைப் புரட்டினால், மெலிந்து, முதுகில் நீலம் கலந்த ஊதா மினுமினுப்புடன், தொட்டதும் துள்ளி விலகும் புழுக்களைக் காணலாம். சென்னை நியூ கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றிய சுல்தான் அகமது இஸ்மாயில், வெளிநாட்டுப் புழுக்களுக்குப் பதிலாக உள்ளூர்ப் புழுக்களைக் கொண்டே உரம் தயாரிக்கலாம் என்று பல்லாண்டுகளாக வலியுறுத்தி வருபவர். எனக்கும் அதுவே சரி என்று படுகிறது. எருக்குழி அருகில் இல்லாதவர்கள் தங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தில் தொலைபேசியில் விசாரித்துவிட்டுச் செல்லலாம்.

கேள்வி: விவசாயிகளுக்கு விற்கும் 12 அடி நீள மண்புழு உரப் பையை வீட்டுக்கு வாங்கலாமா? லிட்டர் கணக்கில் பார்த்தால் மலிவாக இருக்கிறது.
– வாசகர், சேலம்

பதில்: வேண்டாம். 12 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி உயரமுள்ள அந்தப் பை மாட்டுச்சாணத்தையும் பண்ணைக் கழிவையும் வண்டிக் கணக்கில் நிரப்புவதற்கானது. ஒரு வீட்டுச் சமையலறைக் கழிவு அதன் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. மெல்லிய படுக்கை காய்ந்து புழுக்கள் மடியும். தெருவில் நான்கைந்து வீட்டார் சேர்ந்து, அருகில் சாணமும் கிடைக்குமானால் மட்டும் யோசிக்கலாம்.

கேள்வி: எனக்கு வயது 68. மூட்டு வலியால் குனிய முடியாது. செய்வதைவிட வாங்குவது எனக்கு நல்லதா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: உங்களுக்கு வாங்குவதே நல்லது, அம்மா. மற்றவர்களுக்குச் செய்துகொள்ளச் சொன்ன நான் உங்களுக்கு வேறாகச் சொல்வதற்குக் காரணம், உரம் எடுக்கும் வேலை. நாமே செய்த தொட்டியில் அறுவடைக்கு எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கொட்டி, வெளிச்சத்தில் குவியல் குவியலாக்கி, வெளிச்சத்துக்கு அஞ்சிப் புழுக்கள் அடிக்குப் போகப் போக மேலிருக்கும் உரத்தை அள்ள வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தரையில் உட்கார்ந்து செய்யும் வேலை அது. தட்டுத் தொட்டியில் மேல் தட்டுக்கு மட்டும் தீனி போட்டுவந்தால் பெரும்பாலான புழுக்கள் தாமாகவே மேலேறிவிடும். அடித்தட்டை எடுத்துக் கொட்டினால் போதும்.

ஆனால் நிறைந்த ஈரத் தட்டு ஒன்று பல கிலோ எடை இருக்கும். அடித்தட்டை எடுக்க மேலுள்ள தட்டுகளை எல்லாம் இறக்கியாக வேண்டும் என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை. ஆகவே மூன்று தட்டுக்கு மேல் இல்லாத, ஆழம் குறைந்த தட்டுகள் கொண்டதைத் தேர்ந்தெடுங்கள். அதை இடுப்புயரத்துக்குச் சற்றுத் தாழ்வான உறுதியான மேசைமேல், சமையலறைக் கொல்லைக் கதவுக்கு அருகில் நிழலில் வையுங்கள். தட்டு மாற்றும் நாளில் மட்டும் வீட்டில் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். காய்கறித் தோலை நறுக்கிப் போடுவதும், சருகு மூடுவதும், கைப்பிடி அள்ளிப் பிழிந்து ஈரம் பார்ப்பதும் நின்றபடியே நீங்கள் செய்யக்கூடியவைதான்.